ஐஐடி மாணவர்கள் சுவாரசியமானவர்களா?

சென்னை ஐஐடி மாதிரி பெயர்பெற்ற கல்லூரிகளில் படிப்பவர்கள் கலகலப்பும் கற்பனையும் உள்ளவர்களா என்று பலர் கேட்கிறார்கள். பெயர்பெற்ற கல்லூரி என்றால் இடம் கொஞ்சம், போட்டி அதிகம், அவ்வளவுதான். பி.டெக். சேர எழுதும் ஜேஇஇ தேர்வு இயற்பியல், வேதியியல், கணிதத்தை மட்டுமே பார்க்கிறது. சல்லடை வேர்க்கடலையைப் பருமன் பார்த்துப் பிரிக்கும். ருசி அதற்குத் தெரியாது.

உள்ளே வந்தபின் அமையும் கூட்டாளிகள்தான் ஆளை மாற்றுகிறார்கள். காவேரி, நர்மதா என்று ஆற்றுப் பெயர் கொண்ட விடுதிகளில் வெவ்வேறு மாநிலத்துப் பிள்ளைகள் ஒன்றாக வாழ்கிறார்கள். சாரங் கலைவிழாவை நடத்துவதும் அவர்களே. 2019இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் நடத்திய ஹைப்பர்லூப் (காற்றை நீக்கிய குழாய்க்குள் அதிவேகமாகப் போகும் வண்டி) போட்டியின் இறுதிச்சுற்றுக்குப் போன ஆவிஷ்கார் மாணவர் குழுவும் இங்கேதான் உருவானது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அப்புறம், எல்லோரும் புத்தகப் புழுக்கள் என்று நினைப்பது தவறு. அங்கும் கூச்சப்படுகிறவர், பாடுகிறவர், வம்பளக்கிறவர் எல்லாரும் உண்டு.