பழைய பைக், செயின் சத்தம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி செயின் சத்தம் பற்றித்தான், அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒன்று. டபுள் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். துணி மாட்டினால் விரலும் சேர்ந்துதான் போகும். கீழே சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கச் சொல்வது எல்லாமே இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், கையால் செய்ய வேண்டியவை.

கேள்வி: அண்ணே, என்னுடையது 2003 ஸ்பிளெண்டர். 40-ல் போகும்போது கீழே இருந்து 'கடகட' என்று சத்தம். மெக்கானிக் செயின் செட் மாற்று என்கிறார். செயின்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செலவு செய்வதற்கு முன் காசில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது, தம்பி. ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் 40-ல் போய் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். இன்ஜின் ஐடிலுக்கு வந்துவிடும், வண்டி மட்டும் உருளும். சத்தம் உடனே அடங்கினால் டைமிங் செயின், டேப்பட் என்று இன்ஜின் பக்கம் பாருங்கள், அங்கே எதுவும் இல்லையென்றால் செயின் இழுக்கும்போது மட்டும் வருகிற சத்தமாக இருக்கலாம். வண்டி உருளுகிற வேகத்தோடு சத்தமும் சேர்ந்து குறைந்துகொண்டே வந்தால் செயின், ஸ்பிராக்கெட் (செயின் மாட்டுகிற பல்சக்கரம்), பின் சக்கர பேரிங், பிரேக் ஷூ, இவற்றில் ஒன்று.

அடுத்து டபுள் ஸ்டாண்டு போட்டு பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி எண்ணுங்கள். டயரில் காற்றடிக்கிற வால்வை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு முன்னால் 14 பல், பின்னால் 42 பல், செயினில் 104 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது சத்தம் ஒரு தடவை வந்தால் பின் ஸ்பிராக்கெட்டிலோ சக்கரத்திலோ கோளாறு. ஒரு சுற்றுக்கு மூன்று தடவை வந்தால் முன் ஸ்பிராக்கெட். ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்றால் செயினிலேயே ஏதோ ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கிறது, ஏனென்றால் 104-ஐ 42-ஆல் வகுத்தால் அதுதான் கணக்கு. இதைச் செய்யாமலே செட் மாற்றச் சொல்கிறவர்கள்தான் அதிகம், அவர்களையும் குறை சொல்ல முடியாது, எண்ணிக்கொண்டு உட்கார அவர்களுக்கு ஏது நேரம்.

உங்கள் ஸ்பிளெண்டரில் இன்னொரு சந்தேகமும் உண்டு. செயினை முழுசாக மூடிய தகர கவர் இருக்கிறது அல்லவா, போல்ட் தளர்ந்தாலோ எங்காவது இடித்து உள்ளே நசுங்கியிருந்தாலோ செயின் அதில் உரசும். கவரைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். செயின் பட்ட இடம் மட்டும் பளபளவென்று கோடு போட்டிருக்கும். அந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தி போல்டை முறுக்கினால் முடிந்தது.

கேள்வி: செயின் எவ்வளவு தொய்வாக இருக்க வேண்டும்? ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள்.

வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருப்பதுதான் சரி. 100 சிசி வண்டிகளுக்கு பொதுவாக 25 மி.மீ. ஒட்டி வரும். அளக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலே தூக்கி, கீழே அழுத்தி, இரண்டுக்கும் உள்ள மொத்த தூரத்தைப் பாருங்கள். முழு கவர் உள்ள வண்டியில் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகப் பார்க்கலாம். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது, அதனால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, எங்கே அதிக இறுக்கமோ அங்கே அளவு வையுங்கள். இறுக்கமான இடத்துக்கும் தொய்வான இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தச் செயினை எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் காப்பாற்றாது.

செயினை இறுக்குவதற்காகச் சக்கரத்தைப் பின்னால் தள்ளியபின் டிரம் பிரேக் ராடையும் சரிபார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பிரேக் இறுகி, அந்த உரசலையும் செயின் கணக்கில் எழுதிவிடுவோம்.

கேள்வி: போன வாரம்தான் டைட் செய்தேன் சார். இப்போது 'ஊய்ங்' என்று ஒரு புது சத்தம்.

இறுக்கிவிட்டீர்கள். நீங்கள் உட்கார்ந்து, பின்னால் வீட்டுக்காரரும் உட்கார்ந்தால், பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் மேலே ஏறும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வருகிற இடத்தில் செயின் இன்னும் இறுகும். ஸ்டாண்டில் சரியாகத் தெரிவது ரோட்டில் கம்பி மாதிரி விறைத்துவிடும். அப்படியே ஓட்டினால் கியர்பாக்ஸ் பேரிங்கும் சேர்ந்து போகும், அது செயினை விட மிகப் பெரிய செலவு. உடனே தளர்த்துங்கள். சத்தம் போகவில்லை என்றால் சக்கரம் கோணலாக நிற்கிறதா பாருங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், பின்னால் குனிந்து செயினை நேர்கோட்டில் பார்த்தாலே ஸ்பிராக்கெட்டுக்குள் நேராகப் போகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: புது செயின் மட்டும் மாற்றினேன், ஸ்பிராக்கெட் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். முன்பைவிட அதிகச் சத்தம்.

வரத்தான் செய்யும். செயின் ரப்பர் போல நீள்வது கிடையாது. உள்ளே கண்ணிகளைக் கோக்கிற பின் என்ற சின்ன உலோகத் தண்டும், அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் மயிரிழை இடைவெளி கூடுகிறது. அந்தக் கூடின அளவுக்கு ஏற்றபடி ஸ்பிராக்கெட் பல்லும் தேய்ந்துகொள்ளும். அதில் புது செயினைப் போட்டால் உருளைகள் பல்லின் அடியில் உட்காராமல் ஏறி இறங்கும். பல்லின் முனை ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மாற்றினால் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாற்ற வேண்டுமா என்பதற்கு ஸ்கேல் போதும். நம் ஊர் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 428 என்ற அளவுச் செயின், ஒரு கண்ணி 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணி அளந்தால், பின்னின் நடுவிலிருந்து பின்னின் நடுவுக்கு, புதுசில் 254 மி.மீ. இருக்கும். 256-ஐத் தாண்டினால் காசு எடுத்து வையுங்கள். 259 என்றால் இரண்டு சதவீதம் போய்விட்டது, அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: தொய்வு அதிகமாகிவிட்டது, அட்ஜஸ்டரும் கடைசிவரை போய்விட்டது. ஒரு கண்ணியைக் கழற்றிவிடலாமா?

ஒன்றைக் கழற்ற முடியாது, உள் கண்ணியும் வெளிக் கண்ணியுமாக ஜோடியாகத்தான் வரும். கழற்றினாலும் தேய்மானம் குறையப் போவதில்லை. வேண்டாம்.

கேள்வி: மெக்கானிக் கடையில் வேஸ்ட் ஆயில் ஊற்றுகிறார்கள். நல்லதா?

காய்ந்த செயினுக்கு அதுவும் இல்லாததற்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். அதில் இன்ஜினின் உலோகத்தூள் கிடக்கிறது, தண்ணியாகவும் இருப்பதால் பாதி உங்கள் பேன்ட்டில்தான். சாதாரண செயினுக்கு 90 கிரேடு கியர் ஆயில் அருமையாகப் போதும். கிரீஸை மேலே அப்பினால் உள்ளே போகாது, மண்ணைத்தான் பிடித்து வைக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ வைத்துத் துலக்கி, துடைத்து, காயவிட்டு, கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், சுற்றும்போது தானாக வெளிப்பக்கம் பரவும். இரவில் போட்டுவிட்டு காலையில் மிச்சத்தைத் துடைப்பது உத்தமம். ஓ-ரிங் செயினாக இருந்தால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் பக்கத்திலேயே வரக்கூடாது, ரப்பர் வளையம் போனால் செயினே போனது.

கேள்வி: வீடு ஈசிஆரில், கடலுக்குப் பக்கம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் 'கீச் கீச்'.

உப்புக் காற்றும் ஐப்பசி மழையும். நனைந்த அன்றே துடைத்து ஆயில் விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளாதீர்கள்.

கேள்வி: பழைய பல்சர் 150. ஆக்சிலேட்டரை விட்டுத் திருகும்போதெல்லாம் 'டக்' என்று இடிக்கிறது. செயின் அளவு சரியாக இருக்கிறது.

கப்ளிங் ரப்பர். பின் சக்கர ஹப்புக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கட்டைகள். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, ஸ்பிராக்கெட் அசையாமல் சக்கரம் மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ரப்பர் மட்டும் மாற்றினால் போதும். அதோடு ஸ்பிராக்கெட் பேரிங்கையும் விரலால் சுற்றிப் பார்த்துவிடுங்கள், கரகரத்தால் அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: அப்பாவின் 1992 புல்லட். நின்றுகொண்டிருக்கும்போதே இடது பக்கம் சத்தம். இதுவும் செயினா?

செயின்தான், ஆனால் வேறு செயின். வண்டி நிற்கும்போது பின் செயின் சுற்றாது. பழைய புல்லட்டில் இடது கவருக்குள் இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயின் இருக்கிறது. நடுவில் உள்ள ஒரே நட்டைக் கழற்றினால் கவர் வந்துவிடும், கீழே ஆயில் பிடிக்க ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் கால் அங்குலம் ஆட்டம் இருக்கலாம், அதிகமானால் கீழே இருக்கும் டென்ஷனரை ஏற்றி லாக் நட்டை முறுக்குங்கள். கவரின் ரப்பர் சீல் பழசாக இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் போர்டிகோ முழுக்க ஆயில்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-ல் செயின் லாக் தெறித்து செயின் கழன்றுவிட்டது ப்ரோ, நல்லவேளை மெதுவாகப் போனேன். எதனால்?

செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற லாக்கில் கிளிப்பைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது மேல்பக்கச் செயினில் அது முன் சக்கரத்தை நோக்கி இருக்கும். கழற்றின பழைய கிளிப்பை மறுபடி போடாதீர்கள், லாக் தனியாகவே கிடைக்கும். புதுசைப் போட்டபின் சக்கரத்தை நாலு சுற்று சுற்றி, கிளிப் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தள்ளிப் பாருங்கள், அப்புறம் சாவியைப் போடலாம்.