பொன்கோட்டுக்கு அடியில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடைந்த பீங்கானைத் தங்கக்கோடு தெரிய ஒட்டும் ஜப்பானியக் கலையான கின்ட்சுகி மீது எனக்குப் பெரிய ஈர்ப்பு. இணையத்தில் ஒரு கிட் வாங்கினேன். வீட்டில் உடைந்த பாத்திரம் இல்லாததால் புதுக் கிண்ணம் ஒன்றைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி உடைத்து, ஒரே மாலையில் ஒட்டி முடித்தேன். படத்தைப் பார்த்த தோழி, ‘இது அடுத்தவர் பண்பாட்டைத் திருடுவது’ என்கிறாள். ஜப்பானியர் அல்லாதவர் இதைச் செய்யலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் செய்யலாம். ஜப்பானியக் கைவினைஞர்களே வெளிநாட்டவருக்கு வகுப்பெடுக்கிறார்கள். இந்த ஒட்டுக்கு அங்கே புழங்கும் உருஷி என்ற மரப்பாலில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவதுதான். தோழியின் கவலையை இத்தோடு விடுங்கள். என்னை உறுத்துவது அந்தச் சுத்தியல்.

நல்ல கிண்ணத்தை எதற்கு உடைத்தீர்கள்? தூக்கிப்போட மனம் வராத ஒன்று கைதவறி உடைந்தால், அதை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருகிற வேலை இது. கோடு வேண்டுமென்று பாத்திரத்தை உடைப்பது, தழும்பு அழகாயிருக்கிறதென்று பிள்ளையின் காலைக் கீறுவது போல.

அடுத்தது அந்த ‘ஒரே மாலை’. அப்படி முடிந்ததென்றால் நீங்கள் பூசியது எபாக்சி என்ற செயற்கைப் பசை. இந்தக் கலையில் ஒட்டுவது உருஷி. 10 முதல் 15 ஆண்டு வளர்ந்த மரத்தை ஒரு பருவம் முழுக்கக் கீறிச் சேர்த்தால் சுமார் 200 கிராம் கிடைக்கும். பிறகு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள்.

முதலில் உடைந்த விளிம்புகளின் கூர்மையை லேசாகத் தேய்த்து, பதப்படுத்தாத உருஷி தடவி இறுகவிட வேண்டும். கோதுமை மாவை நீர்விட்டுக் காதுமடலின் மென்மை வரும்வரை பிசைந்து, ஏறக்குறையச் சம அளவு உருஷி சேர்த்தால் இழுபடும் பசையாகும். அதை மெல்லப் பூசி, துண்டுகளைப் பொருத்திக் கட்டி, முரோ என்னும் பெட்டியில் வைக்க வேண்டும்.

இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. உருஷி வெயிலில் காய்கிற பெயிண்ட் அல்ல. அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி வேலை செய்தால்தான் இறுகும். அதற்கு ஈரக்காற்று வேண்டும். 20 முதல் 30 டிகிரி வெப்பம், 70 முதல் 85 சதவீதம் ஈரப்பதம். மூடியுள்ள பெட்டி, பிழிந்த ஈரத்துணி, ஓர் ஈரமானி போதும். ஈரம் குறைந்தால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேற்பரப்பு மட்டும் இறுகிச் சுருங்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒட்டு இறுகவே இரண்டு வாரமாவது ஆகும். பிறகு நுண்ணிய கல்தூள் கலந்த உருஷியால் பள்ளங்களை நிரப்பித் தேய்க்க வேண்டும், கறுப்பு உருஷி பூசி மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் முரோ உண்டு. தங்கம் கடைசியில்தான் வருகிறது. மெல்லிய சிவப்பு உருஷி பாதி இறுகிய நேரம் பார்த்துத் தூவ வேண்டும். முந்தினால் தங்கம் மூழ்கிப்போகும், பிந்தினால் ஒட்டாது. அந்தக் கோட்டுக்கு அடியில் இரண்டு மூன்று மாத உழைப்பு இருக்கிறது. கடன் வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதே பெயரைச் சொல்லாதீர்கள்.

உங்கள் ஆர்வம் பொய்யில்லை என்று தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். உருஷியில் இறங்குவதானால் கையுறை கட்டாயம். இறுகாத உருஷி பட்டால் தோல் தடித்துக் கொப்பளிக்கும். முந்திரி, சேராங்கொட்டை வகையறாதான் இந்த மரமும். அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம்.

இப்போது ஒட்டிய கிண்ணத்தில் உணவு வேண்டாம், பேனாக்களைப் போட்டுவையுங்கள். யாராவது கேட்டால் எபாக்சியால் ஒட்டியது என்று சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இனி ஏதாவது தானாக உடைந்தால், பொடித்துண்டு உட்பட எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு டப்பாவில் வையுங்கள். அவசரத்துக்கு வேறு பசை எதையும் தடவிவிடாதீர்கள். பசை ஏறிய விளிம்பில் உருஷி பிடிக்காது. அப்போது எனக்கு எழுதுங்கள்.