அந்தக் கற்களை இப்போதைக்குக் கழுவாதீர்கள்

கேள்வி: என் தாய்மாமா 30 ஆண்டுகளாகக் கனிமக் கற்களைச் சேர்த்தவர். அவர் மறைந்தபின் சுமார் 240 கற்கள் மர அலமாரியோடு என்னிடம் வந்திருக்கின்றன. பலவற்றின் அடியில் அவர் கையெழுத்தில் சிறு சீட்டு இருக்கிறது. பொன்னிறக் கல் ஒன்றைச் சுற்றி வெளிறிய தூள் கொட்டிக் கிடக்கிறது. அதன் சீட்டு கருகினாற்போல் பொடிந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்தால் ஒரு மாதிரி நெடி. எல்லாவற்றையும் கழுவி, புதிதாகப் பெயர் எழுதி அடுக்கி, பிற்பாடு அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்கள் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: கழுவும் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். புதிதாகப் பெயர் எழுதுவதையும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பதைத்தது தூளைப் பற்றிய வரியில் இல்லை, பொடிந்துபோன சீட்டைப் பற்றிய வரியில்தான்.

சரி, அவசரத்தை முதலில் பார்ப்போம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பொன்னிறக் கல் பைரைட்டாகவோ அதன் உடன்பிறப்பான மார்க்கசைட்டாகவோ இருக்க வேண்டும். இரண்டுமே இரும்பும் கந்தகமும் சேர்ந்தவை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் இவற்றில் சில ஆக்ஸிஜனோடு வினைபுரிய ஆரம்பிக்கும். அப்போது உண்டாவது இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும். நாட்டு மருந்துச் சரக்குகளில் அன்னபேதி என்று சொல்வார்களே, உங்கள் இழுப்பறையில் கொட்டிக் கிடப்பது அந்த வகைதான். கூடவே வந்த அமிலம் சீட்டை அரித்திருக்கிறது. தூள் அடைக்கும் இடம் மூலக் கல் அடைத்த இடத்தைவிட அதிகம் என்பதால், கல் உள்ளேயிருந்தே பிளந்துகொண்டு போகும்.

இது பக்கத்துக் கற்களுக்கும் தொற்றுமா என்ற பயம் வரும். ஒரு காலத்தில் பாக்டீரியாவின் வேலை என்றே நம்பினார்கள். ஆனால் இழுப்பறையில் இருக்கும் ஈரப்பதம் அவற்றுக்குப் போதவே போதாது. இது சுத்தமான வேதிவினைதான். நோய் தொற்றாது, அமிலம் பரவும். பக்கத்தில் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் இருந்தால் அதன் முகம் மங்கிவிடும்.

ஆகவே முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு அந்தக் கல்லைத் தனியே எடுங்கள். காய்ந்த மெல்லிய பிரஷால் தூளைத் தட்டிவிடுங்கள், தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். அடியில் இருந்த பஞ்சையும் அட்டைப்பெட்டியையும் எறிந்துவிடலாம். மூடி இறுக்கமான பாலிஎதிலீன் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு கல்லை வைத்து, உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்றும் போடுங்கள். முள் 30 சதவீதத்துக்குக் கீழே நிற்கட்டும். அருங்காட்சியகங்களில் அம்மோனியா ஆவி காட்டி அமிலத்தை முறிப்பார்கள்; அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். எல்லாம் செய்த பிறகும் சில கற்கள் பிழைப்பதில்லை. நன்றாக இருக்கும்போதே படம் எடுத்து வைப்பது அதற்காகத்தான்.

பொடிந்த சீட்டின் துணுக்குகளை ஊதித் தள்ளிவிடவில்லையே? அவற்றைக் கூட்டி, கிடக்கிறபடியே படம் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். நான் ஒருமுறை இதே மாதிரி இழுப்பறையைத் திறந்தபோது, சீட்டில் கனிமத்தின் பெயர் முழுசாக இருந்தது. ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை. பெயர் போயிருந்தால் கவலையில்லை, கல்லைச் சோதித்தால் பைரைட் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எந்தச் சுரங்கத்தில், எந்த ஆழத்தில், எந்த வருஷம் எடுத்தது என்பதைக் கல் சொல்லவே சொல்லாது.

அருங்காட்சியகத் தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் காப்பாட்சியர்களின் வேலையில் பாதிக்கு மேல் இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைப்பதை மட்டுமே வெளியார் பார்க்கிறார்கள். உள்ளே நடப்பது கல்லையும் அதைப் பற்றிய தகவலையும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அருங்காட்சியகப் பொருள்களைச் சேதப்படுத்துபவை என்று அவற்றைப் பேணிக் காக்கும் வல்லுநர்கள் வைத்திருக்கும் பட்டியலில் தீ, வெள்ளம், திருட்டு, பூச்சி இவற்றோடு ‘தகவல் பிரிந்துபோதல்’ என்பதும் தனியாக ஒன்று. அருங்காட்சியக வேலையில் சேர்ந்த புதிதில் நானே ஒரு படிகத்தின் பழுப்புக் கறையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அது கறை இல்லை, யாரோ பல பத்தாண்டுகளுக்கு முன் மையால் எழுதிய எண். பதிவேட்டில் அந்த எண் இன்னும் இருக்கிறது. எந்தக் கல்லுக்கு உரியது என்றுதான் யாருக்கும் தெரியாது.

தகவல் போவதைவிட மோசமானது பொய்த்தகவல் வந்து சேருவது. ஆர்தர் கிங்ஸ்பரி என்று ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர், 1968இல் காலமானவர். அந்த நாட்டில் இன்ன இடத்தில் கண்டெடுத்தேன் என்று அபூர்வமான கனிமங்களை வரிசையாகப் பதிவு செய்து பேர் வாங்கினார். 1990களில் ஆய்வாளர்கள் துருவிப் பார்த்தபோது அவற்றில் பலவற்றின் இடக்குறிப்பு கட்டுக்கதை என்று வெளிவந்தது. கல் எல்லாம் அசல், ஊர்தான் பொய். அவரை நம்பி எழுதிய பட்டியல்களை எல்லாம் திரும்பச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் வேலை ஒரு கேமராவோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் தொடங்கட்டும். ஒவ்வோர் இழுப்பறையையும் எதையும் நகர்த்தாமல் மேலிருந்து படம் எடுங்கள். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சீட்டு இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம் ஒவ்வொரு கல்லையும் அதன் சீட்டின் இரண்டு பக்கங்களையும் படம் எடுங்கள். மாமா எழுதியதை எழுத்துப் பிழையோடு அப்படியே நோட்டில் பெயர்த்து எழுதுங்கள். அவர் போட்ட பெயர் தப்பு என்று தெரிந்தாலும் திருத்த வேண்டாம். பக்கத்தில் உங்கள் குறிப்பைத் தேதியோடு எழுதுங்கள். பழைய சீட்டு, விற்றவர் கொடுத்த துண்டு, ரசீது, தபால் உறை எதையும் எறியக் கூடாது. ஒரே கல்லுக்கு நான்கு சீட்டு இருந்தால் அது நான்கு கை மாறிய கதை.

எண் போடும்போது மூன்று பகுதி வைத்துக்கொள்வது அருங்காட்சியக வழக்கம்: வந்து சேர்ந்த வருஷம், அந்த வருஷத்தில் எத்தனையாவது தொகுதி, அதில் எத்தனையாவது கல். 2025.1.37 என்பதைப் போல. கல்லில் கண்ணில் படாத ஒரு மூலையில் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் அதன் மேல் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுப்பார்கள். வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்டு அழித்துவிடலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. நகப்பூச்சு போதாதா என்று கேட்பீர்கள். பலவகை நகப்பூச்சுகள் நாளடைவில் மஞ்சளித்து, சருகாக உரிந்து வரும், எண்ணும் கூடவே வந்துவிடும். நொறுங்குகிற கல்லாக இருந்தால் அதில் எழுதவே வேண்டாம், பெட்டியில் எழுதினால் போதும்.

இனி, கழுவுவது. குவார்ட்ஸ் மட்டும் என்றால் கழுவலாம். இந்துப்பான ஹாலைட், மயில்துத்தமான சால்கந்தைட், வெண்காரமான போராக்ஸ் இவையெல்லாம் தண்ணீரில் கரைகிறவை. ஜிப்சமும் கொஞ்சம் கரையும். கால்சைட், மாலகைட் போன்ற கார்பனேட்டுகளில் வினிகரோ எலுமிச்சையோ பட்டால் பொங்கிக்கொண்டு அரிக்கும். வெண்பஞ்சு உருண்டைபோல் இருக்கும் ஓக்கனைட் ஒன்று மாமாவிடம் இருந்தால் விரல்கூடப் படக் கூடாது. அந்த இழைகள் ஒருமுறை படிந்தால் படிந்ததுதான். கந்தகப் படிகத்துக்கோ உள்ளங்கைச் சூடே தாங்காது. கையில் வைத்துக் காதருகே கொண்டுபோனால் மெல்ல வெடிக்கிற சத்தம் கேட்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது அந்தப் படிகம் விரிசல் விடும் சத்தம். தூசிக்குக் கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பலூனும் மென்மையான பிரஷும் போதும்.

ஒரே அலமாரியில் எல்லாக் கல்லையும் வைப்பது ஏன் சிக்கல் என்று இப்போது புரிந்திருக்கும். பைரைட்டுக்கு வறட்சி வேண்டும். மயில்துத்தமும் வெண்காரமும் அதே வறட்சியில் தமக்குள் இருக்கும் நீரை இழந்து வெளுத்துப் பொடியாகும். சரி என்று ஈரத்தைக் கூட்டினால், 75 சதவீதம் தாண்டியதும் இந்துப்பு வியர்த்துக் கரைய ஆரம்பிக்கும். எல்லோருக்கும் ஒத்துவருகிற ஓர் எண் கிடையாது. ஆகவே அறைக்கு மிதமான, ஏறி இறங்காத ஈரப்பதம் ஒன்றை வைத்துவிட்டு, முரண்டு பிடிக்கிறவற்றுக்கு மட்டும் தனித்தனி டப்பாவில் தனி வானிலை அமைப்பார்கள். 240 கல்லில் பத்துப் பதினைந்துதான் அப்படிப்பட்டவையாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

வெளிச்சம் இன்னொரு எதிரி. செக்கச்செவேலென்ற ரியால்கர், அதாவது மனோசிலை, வெளிச்சத்தில் மஞ்சள் தூளாக மாறும். அந்தத் தூளை வெகுகாலம் அரிதாரம் என்றே நினைத்தார்கள். அது பாராரியால்கர் என்ற தனிக் கனிமம் என்று 1980இல்தான் பதிவானது. இதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டும் பயனில்லை, சாதாரண வெளிச்சமே போதும் அதைக் கெடுக்க. புரூஸ்டைட் என்ற சிவப்பு வெள்ளித் தாது கறுக்கும், சாதிலிங்கமும் கறுக்கும், குன்சைட்டின் இளஞ்சிவப்பு வெளிறும், செவ்வந்திக்கல்லும் வெயிலில் நிறம் மங்கும். இவற்றில் எதுவும் இருட்டில் வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. மிக அழகான கற்கள் சில ஏன் காட்சியில் இல்லை என்று பார்வையாளர்கள் கோபித்துக்கொள்வதுண்டு. அவை இழுப்பறையில் இருப்பதால்தான் இன்னும் அழகாக இருக்கின்றன.

மாமாவின் மர அலமாரியைப் பற்றிச் சொல்ல எனக்கே சங்கடம். மரம், குறிப்பாக ஓக், அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈயத்தையும் சுண்ணாம்புச் சேர்மங்களையும் அது மெல்ல அரிக்கும். பவுடர் பூச்சு பூசிய எஃகு அலமாரிதான் நல்லது. மாற்ற முடியாவிட்டால் கற்களை மூடிய டப்பாக்களில் வையுங்கள். அடியில் ரப்பர் நுரை வேண்டாம், அதிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பாலிஎதிலீன் நுரை போதும்.

இரண்டு வகைக் கற்களை உடனே தேடிப் பிரித்து வையுங்கள். கல்நார் போல நார் நாராக இருப்பவை ஒன்று. அவற்றைப் பிரஷால் தட்டாமல், திறக்காத உறையில் வையுங்கள். இன்னொன்று யுரேனியக் கனிமங்கள்: கனமான கரிய யுரேனினைட், பச்சைச் சதுரத் தகடுகளான டோர்பர்னைட், மஞ்சள்பச்சை ஆட்டுனைட். இவற்றிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும். படுக்கையறையில் வைக்காதீர்கள், காற்றோட்டமான தனி இடத்தில் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள். நிபுணரை அழைக்க எண்ணியிருந்தால் இவற்றுக்காகவே முதலில் அழைக்கலாம்.

கடைசியாக, அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளுமா? அழகு மட்டும் பார்த்து எடுப்பதில்லை. புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங், உலகில் அறியப்பட்ட ஒவ்வொரு கனிமத்திலும் ஒன்று வேண்டும் என்று சேர்த்தார். சுமார் 16,000 கற்கள். 1926இல் அவர் மகன் அவற்றை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், மேற்கொண்டு வாங்கப் பணமும் வைத்தார். காப்பாட்சியர் கனவில் வருகிற நன்கொடை இப்படித்தான் இருக்கும். நம் எல்லோரிடமும் அது இருக்காது. ஆனால் மூடப்பட்ட சுரங்கம் ஒன்றிலிருந்து மாமா எடுத்த, இடமும் வருஷமும் எழுதிய சாதாரணக் கல்லுக்காகப் பளபளக்கும் பத்துச் செவ்வந்திக்கல்லை அவர்கள் வேண்டாம் என்பார்கள். அந்தச் சுரங்கத்தில் இனி யாரும் போய் எடுக்க முடியாதே. பசை போட்டு ஒட்டிய படிகமா என்று புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள், சட்டப்படி கைக்கு வந்ததா என்று கேட்பார்கள். அந்த ரசீதுகள் அப்போது உதவும்.

எல்லாவற்றையும் ஒன்றாக, நிரந்தரமாகக் காட்சியில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நோட்டையும் படங்களையும் முதலில் அனுப்புங்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன் தொகுப்பை உறவினர்களுக்குப் பிரித்துக் கொடுக்காதீர்கள். அப்புறம், கூரியரில் அனுப்ப நினைக்காதீர்கள். ஹாரி வின்ஸ்டன் என்ற அமெரிக்க நகை வியாபாரி 1958இல் உலகப் புகழ்பெற்ற ஹோப் வைரத்தையே ஸ்மித்சோனியனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஆன செலவு 145.29 டாலர், அதில் அஞ்சல் கட்டணம் 2.44தான், மிச்சமெல்லாம் காப்பீடு. வைரம் தாங்கும். ஓக்கனைட் தாங்காது. டப்பாவின் அடியில் ஒட்டி, மேலே எதுவும் படாமல் மூடி, மடியில் வைத்து நீங்களே கொண்டுபோங்கள்.