'பாடி அண்ட் சோல்': மெட்டையே வாசிக்காத பதிவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

மெட்டு அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. 1939 அக்டோபரில் நியூயார்க்கில் பதிவான இந்த ஜாஸ் பாட்டில், சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் ஆரம்ப வரிகளில் மட்டும் ஜானி கிரீனின் 1930ஆம் ஆண்டு மெட்டைத் தொட்டுக் காட்டுவார். அப்புறம் அந்தப் பக்கம் அதிகம் திரும்பவே மாட்டார். மெட்டுக்கு அடியில் நகரும் கார்டுகளை (chords, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) பிடித்துக்கொண்டு, டெனர் சாக்ஸபோனில் புதுசு புதுசாகக் கட்டிக்கொண்டே போவார். பாட்டின் நடுப்பகுதியைக் கவனித்துக் கேளுங்கள்: சுருதி திடீரென்று அரைக் கட்டை ஏறும், அங்கிருந்து ஒரு கட்டை இறங்கும், பிறகுதான் பழைய இடத்துக்கு வரும். வாசிப்பவர்களைச் சோதிக்கிற இடம். மனுஷன் அசரவே இல்லை.

இத்தனைக்கும் இசைத்தட்டு நன்றாக விற்றது! கார்டுகளை வைத்தே கற்பனை ஓட்டும் இந்தப் பாணியைத்தான் அடுத்து வந்த பீபாப் என்ற ஜாஸ் பாணிக்காரர்கள் இன்னும் வேகமாக்கினார்கள். டெனர் வாசிப்பவர்கள் இன்றும் அந்த சோலோவை (தனி வாசிப்பை) அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்.