பொறியியலுக்கு எந்தக் கல்லூரி? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். என் மகள் ஐந்தாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல் மூன்றிலும் ஏ பெற்றிருக்கிறாள். பொறியியல் படிக்க வேண்டும் என்கிறாள்; எந்தப் பொறியியல் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. பழுதான ரைஸ் குக்கரைக் கழற்றி மறுபடி பூட்டி வேலை செய்ய வைத்தாள் என்பதுதான் நான் கண்ட அடையாளம். பொதுவான ஒரு பொறியியல் பட்டம் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அவள் அப்பா. சென்ற வாரம் கல்விக் கண்காட்சிக்குப் போனோம். எல்.ஆர்.டி.யில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரி, அன்றே முன்பணம் கட்டினால் கட்டணத்தில் கழிவு தருவதாகச் சொன்னது. என் நாத்தனார், தன் மகன் படித்த கோயம்புத்தூர்க் கல்லூரிக்கே அனுப்பச் சொல்கிறார். பள்ளி ஆசிரியரோ, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவம் போகட்டும் என்கிறார். என் கணவர் லாரி ஓட்டுகிறார். தவறு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ளும் வசதி எங்களுக்கு இல்லை. எதைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்வு செய்வது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு தாய், செந்தூல்

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பணத்தை இன்னும் கட்டவில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கட்டாதீர்கள். அந்தக் கழிவு அடுத்த கண்காட்சியிலும் அதே மேசையில் கிடைக்கும்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். புதிய பட்டதாரிகளை நேர்காணல் செய்யும் பொறுப்பு எனக்கு இருந்தது. மேசையில் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையையும் மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஓர் ஆஸிலோஸ்கோப்பையும் வைத்து, பலகையிலிருந்து வரும் அலையின் அதிர்வெண்ணைக் கேட்பது என் வழக்கம். மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.8 வாங்கிய இளைஞர் ஒருவர், அளவுமுனையைச் சரியான இடத்தில்தான் தொட்டார். ஆனால் பலகையின் தரை இணைப்பில் மாட்ட வேண்டிய அதன் தரைக்கவ்வியை எதிலும் மாட்டாமல் தொங்கவிட்டுவிட்டார். திரையில் தடித்துத் தெரிந்தது அறையின் மின்கம்பிகளிலிருந்து வந்த இரைச்சல். அவர் அதையே கணக்கிட்டு, விடை 50 ஹெர்ட்ஸ் என்று அழகாக எழுதிக் கொடுத்தார். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் அது. அவர் அறிவில் குறையுள்ளவர் அல்லர். விசாரித்தபோது, தம் கல்லூரியில் ஒரு கருவிக்கு எட்டு மாணவர்கள் என்றும், ஒருவர் தொட, மற்ற எழுவரும் அளவுகளைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள் என்றும் தயக்கத்தோடு சொன்னார். அதே மாதம் வந்த ஒரு பெண்ணின் சராசரி 3.0-க்குச் சற்று மேல். அவர் உட்கார்ந்ததும் கவ்வியைத் தேடி எடுத்துப் பலகையில் மாட்டினார். அதற்கும் முன்னால், கருவியின் முகப்பில் உள்ள சோதனை முனையில் அளவுமுனையை வைத்து, சதுர அலை சதுரமாகத்தான் வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். இருவருடைய பட்டத்தின் பெயரும் ஒன்றுதான்.

கல்லூரியைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கவ்வியிலிருந்து வருவதுதான். ஆனால் அதற்கு முன் காகிதத்தில் சரிபார்க்க வேண்டியவை சில உள்ளன. அவற்றில் தவறினால் ஆய்வுக்கூடம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

நம் நாட்டில் பொறியாளர் பதிவுச் சட்டம் 1967-இல் வந்தது. அதன்படி மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற, அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். அந்த அங்கீகாரத்தை வழங்குவது, எல்லோரும் இ.ஏ.சி. என்றே அழைக்கும் பொறியியல் அங்கீகார மன்றம். இங்கே பெற்றோர் பலர் தவறவிடும் செய்தி என்னவென்றால், அங்கீகாரம் கல்லூரிக்குக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பாடத்திட்டத்துக்கும் தனித்தனியே கிடைக்கிறது; அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே. ஒரே கட்டடத்தில் இயந்திரவியலுக்கு அங்கீகாரம் இருக்கும், மாடிக்கு மேல் மாடியில் புதிதாகத் தொடங்கிய இன்னொன்றுக்கு இருக்காது. புதிய பாடத்திட்டத்தை அதன் முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போதுதான் மன்றம் முழுமையாக மதிப்பிடும் என்பதால், அந்த முதல் அணியில் சேர்பவர்கள் முடிவு தெரியாமலே மூன்றாண்டுகளுக்கு மேல் பணம் கட்டுகிறார்கள். உங்களைப் போன்ற குடும்பம் அந்தச் சூதாட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2009-இல் மலேசியா முழு உறுப்பு நாடானதால், இந்த அங்கீகாரம் பெற்ற பட்டத்தை ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற உறுப்பு நாடுகளும் தம்முடையதற்கு ஈடாக ஏற்கின்றன.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். பொறியியல் பட்டம் வேறு, பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் வேறு. இரண்டாவதும் மதிப்புள்ள படிப்புதான், செயல்முறை அதில் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அதைப் படித்தவர்கள் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பவியலாளர் வாரியத்தின் வழியில் போகிறார்கள். பொறியாளர் வாரியத்தில் பதிந்து, அனுபவமும் தேர்வும் முடித்து, தொழில்முறைப் பொறியாளர் என்பதைக் காட்டும் 'இர்' என்ற அடைமொழியைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பாதை அதில் நேராகக் கிடைக்காது. கண்காட்சி மேசையில் இரண்டையும் ஒரே மூச்சில் 'இன்ஜினியரிங்' என்றுதான் சொல்வார்கள். நேர்மையாகச் சொன்னால், எங்கள் பாயான் லெப்பாசில் பலர் பதிவைப் பற்றி நினைக்காமலே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். ஆனால் கட்டுமானத்திலும் கட்டடங்களின் மின் அமைப்பிலும் பதிவில்லாமல் உயரம் போக முடியாது. பதினேழு வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் போவாள் என்று இன்று யாருக்கும் தெரியாதபோது, அந்தக் கதவை நாமாகச் சாத்த வேண்டாம்.

'பொதுவான பொறியியல்' என்று உங்கள் கணவர் சொல்வதன் நியாயம் புரிகிறது. ஆனால் அந்தப் பெயரில் பட்டம் இங்கே அரிது. வாரியத்தில் பதியும்போதும் ஒரு துறையின் பெயர் வேண்டும். எந்தத் துறையானாலும் முதலாண்டில் பெரும்பாலும் கணிதம், விசையியல், மின்சுற்று, நிரலாக்கம், வரைபடம் என்றுதான் இருக்கும். ஆகவே முதலாண்டைப் பொதுவாக வைத்து, அதன்பின் துறையைத் தேர்ந்தெடுக்க விடும் இடம் கிடைத்தால் அவளுக்கு அது நல்லது. கிடைக்காவிட்டால் இயந்திரவியல் அல்லது மின்-மின்னணுவியல். ரைஸ் குக்கர் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது! 'ஸ்மார்ட்', 'அடுத்த தலைமுறை' என்று நீளும் பெயர்கள் கொண்ட பட்டங்களை முதுகலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

கோயம்புத்தூரைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியா 2014-இல் அதே உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் அங்கே அங்கீகாரம் இரண்டு அடுக்காக இருக்கிறது; பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் வரும் முதல் அடுக்கில் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டம் மட்டுமே உடன்படிக்கைக்குள் வரும். நாத்தனாரின் மகன் நன்றாக இருக்கிறார் என்பது மகிழ்ச்சி. அந்தக் கல்லூரியின் குறிப்பிட்ட பாடத்திட்டம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள்.

என் சாய்வு உங்கள் ஆசிரியரின் பக்கம்தான். மெட்ரிகுலேஷன் என்ற அரசின் பல்கலைக்கழக முன்படிப்பில் இடம் கிடைத்தால் ஓராண்டு, இல்லையென்றால் அவர் சொல்லும் ஆறாம் படிவம்; அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். மூன்று பருவம், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. இரண்டில் எதுவானாலும் பிறகு யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். தகுதிப்புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு என்பதால், பள்ளிக் கழகங்களில் வாங்கிய சான்றிதழ்களை எறிந்துவிட வேண்டாம். கட்டணமும் தனியாரோடு ஒப்பிட மிகக் குறைவு. மலாயாப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பினாங்கை விரும்பினால் யு.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்; ஆனால் அதன் பொறியியல் வளாகம், தலைமை வளாகம் உள்ள தீவின் கெலுகோரில் இல்லை, கடலைத் தாண்டிப் பெருநிலத்தில் நிபோங் திபாலில் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கப் பெட்டியோடு தீவுக்கு வந்துவிட்டுப் பாலத்தில் திரும்பிப் போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

தனியாரில்தான் என்று முடிவானாலும் குற்றமில்லை. நான் வேலைக்கு எடுத்த மிகச் சிறந்த பொறியாளர்களில் இருவர் தனியாரில் படித்தவர்கள். அப்போது கண்காட்சியையும் திறப்பு நாளையும் விட்டுவிட்டு, பருவம் நடக்கும் ஒரு சாதாரணப் புதன்கிழமை, துறை அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு கருவிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். உலோகத்தைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரத்தின் அடியில் உலோகச் சுருள் கிடக்கிறதா, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாலை ஐந்துக்கு மேல் ஆய்வுக்கூடம் திறந்திருக்குமா என்று அலுவலகத்தில் கேட்காமல், இறுதியாண்டு மாணவர் ஒருவரைக் கேளுங்கள். தொழிற்பயிற்சிக்கு எந்த நிறுவனங்களுக்குப் போனார்கள் என்பதையும் அவர்களே சொல்லட்டும். இந்தக் கேள்விகளை உங்கள் மகள்தான் கேட்க வேண்டும். நீங்கள் கேன்டீனில் ஒரு தே தாரேக் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். பெற்றோர் பக்கத்தில் நின்றால் மாணவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தனியார் கல்லூரியின் துண்டறிக்கை வீட்டில் இருக்குமே. அதில் பட்டத்தின் முழுப் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்து மாறாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள். மன்றத்தின் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. இருவரும் தனித்தனியே தேடி ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம்.