சிறிய மணிக்கட்டுக்கு எந்தக் கைக்கடிகாரம்: ஒமேகா ஸ்பீட்மாஸ்டரா, ரோலெக்ஸ் டேடோனாவா?

உங்கள் மணிக்கட்டு 16.5 செ.மீ., தினமும் அலுவலகத்துக்குக் கட்ட வேண்டும், உறுத்தவும் கூடாது, அழகாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மணிக்கட்டும் அதே அளவுதான். என்னிடம் இருப்பது 2021-ல் வந்த ஸ்பீட்மாஸ்டர், ஹெசலைட் என்கிற பிளாஸ்டிக் கண்ணாடி போட்டது. டேடோனா என் மச்சானுடையது, 2023 மாடல். அதைப் பத்து நாள் வாங்கிக் கட்டிப் பார்த்தேன்.

வசதி என்றால் டேடோனாதான். விட்டம் 40 மி.மீ., தடிமன் சுமார் 12. ஸ்பீட்மாஸ்டர் 42, தடிமன் 13-க்குச் சற்று மேல். ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டதும் தெரிந்துவிட்டது: டேடோனா உள்ளே நழுவிப் போகிறது, ஸ்பீட்மாஸ்டர் துணியில் முட்டி நிற்கிறது. அப்புறம், சென்னை வெயிலில் மதியமானால் கை லேசாக உப்பும். டேடோனாவின் செயின் பூட்டுக்குள் ஒரு கண்ணியை விரித்தால் 5 மி.மீ. தளர்ந்து கொடுக்கிறது. கருவி எதுவும் வேண்டாம்.

ஆனால் 42 என்றதும் ஸ்பீட்மாஸ்டரை ஒதுக்கிவிடாதீர்கள். கறுப்பு வளையம் முகப்பைச் சுற்றி வருவதால் பார்வைக்குச் சிறிதாகவே இருக்கும். பட்டை மாட்டும் கொம்புகளும் கீழ்நோக்கி வளைந்து கையோடு படிகின்றன.

அழகில் என் மனசு ஸ்பீட்மாஸ்டர் பக்கம். 1965-ல் நாசாவின் சோதனைகளில் தேறி, 1969-ல் ஆல்ட்ரின் கையில் நிலாவுக்குப் போன அதே முகத்தை இன்றும் பெரிதாக மாற்றவில்லை. பளபளப்பில்லாத கறுப்பு, வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். கண்ணாடி மேடாக இருப்பதால் சாய்த்துப் பார்த்தால் ஓரத்துக் கோடுகள் வளைந்து தெரியும். நட்டநடுவில், கண்ணாடியிலேயே, எள்ளைவிடச் சிறிய ஒமேகா குறி ஒன்று இருக்கிறது. கீறல் விழும்தான், பாலிஷ் வைத்துத் துணியால் தேய்த்தால் போய்விடும். டேடோனாவின் செராமிக் வளையம் கண்ணாடி மாதிரி மின்னும். கல்யாண வீட்டுக்கு அது பிரமாதம். தினசரி அலுவலகத்துக்கு அந்த மினுக்கு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

வெள்ளி சாயங்காலம் கழற்றி வைத்த டேடோனா திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். 72 மணி நேரம் தாங்கும். ஸ்பீட்மாஸ்டர் 50 மணி நேரம், நீங்களே சாவி கொடுக்க வேண்டும். அப்பா தன் எச்.எம்.டி. ஜனதாவுக்குக் காலையில் சாவி கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. இட்லி வேக பத்து நிமிடம் கணக்கு வைக்கவும் ஸ்பீட்மாஸ்டரில் பக்கவாட்டிலுள்ள ஸ்டாப்வாட்ச் பொத்தானை அமுக்கினால் போதும். டேடோனாவில் முதலில் பொத்தானின் மரையைத் திருகித் தளர்த்த வேண்டும். அந்த மரையோடுதான் 100 மீட்டர் வரை நீர் தாங்குகிறது. ஸ்பீட்மாஸ்டருக்கு 50.

கடைக்கு முழுக்கைச் சட்டையோடு போங்கள். இரண்டையும் கட்டி, மேசையில் உள்ளங்கையை ஊன்றி மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள். சாவித்திருகு புறங்கையில் குத்துகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.