தரவரிசையும் நல்ல மாணவர்களும்

கேள்வி: தரவரிசையில் மேலே போனால்தான் நல்ல மாணவர்கள் வருவார்கள் என்கிறது எங்கள் பல்கலைக்கழக நிர்வாகம். எங்கிருந்து தொடங்குவது?
– துறைத் தலைவர் ஒருவர்

பதில்: எந்தப் பட்டியல் என்று முதலில் கேளுங்கள். 2003-இல் சீனாவில் தொடங்கிய ஷாங்காய் உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் நோபல், கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் விருதுகளுக்கே 30 சதவீத மதிப்பெண். அதை இப்போதைக்கு மறந்துவிடலாம். பிரிட்டனின் கியூஎஸ் நிறுவனப் பட்டியலில் மற்ற கல்வியாளர்களின் அபிப்பிராயத்துக்கு 30 சதவீதம், உங்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டுவதற்கு 20. அபிப்பிராயம் சட்டென்று மாறாது. மேற்கோளில் உடனே செய்ய ஒரு வேலை உண்டு. உங்கள் ஆசிரியர்களின் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். ஒருவர் பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரைப் போட்டிருப்பார், இன்னொருவர் சுருக்கம், மூன்றாமவர் துறையின் பெயர் மட்டும். மேற்கோள் கணக்கு சிதறிப்போகும். எல்லோரையும் ஒரே பெயரைப் போடச் சொல்லுங்கள்.

பட்டியல் போடுபவர்களுக்குக் கொடுக்கும் புள்ளிவிவரத்தை மட்டும் திருத்திவிடாதீர்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த விவரங்களை 2022-இல் அதன் கணிதப் பேராசிரியரே கேள்வி கேட்டார், அமெரிக்காவின் யூ.எஸ். நியூஸ் பட்டியலில் அது 2-ஆம் இடத்திலிருந்து 18-க்கு இறங்கியது.

சரி, மாணவர்கள்? கெட்டிக்காரப் பிள்ளைகள் துறையைத்தான் விசாரிக்கிறார்கள்: யார் பாடம் எடுக்கிறார், முதலாண்டிலேயே ஆய்வகத்துக்குள் விடுவார்களா, உதவித்தொகை எவ்வளவு. உங்கள் இணையதளத்தில் இதற்குப் பதில் இருக்கிறதா? நான் பார்த்த பலவற்றில் விழா மேடைப் படங்கள்தான். அப்புறம், சேர்க்கைக் கடிதத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள். தாமதித்தால் வேறு இடத்தில் பணம் கட்டியிருப்பார்கள்.